அட்டை லிஃப்ட்

குளியலறைக் கதவுக்கு முன்னால் அவன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்க்ரூட்ரைவர். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஏழு வயது மகள். இந்தக் கதவைத் திறப்பது அவனுக்கு ஒரு வேலையே இல்லை. கீலின் ஆணியைத் தட்டி எடுத்தால் கதவு கையோடு வந்துவிடும். ஆளுயர இரும்புக் கதவுகளையே பிளந்து ஆட்களை வெளியே எடுக்கிறவன், இந்தப் பிளாஸ்டிக் கதவுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"குட்டி, கதவத் தொறக்கட்டுமா?"

"தொறந்தா உன்கூடப் பேசவே மாட்டேன்."

அவன் ஸ்க்ரூட்ரைவரைத் தரையில் வைத்தான்.

குட்டியின் பெரியம்மா கிளம்பிவிட்டாள் என்று மதியமே தகவல் வந்திருந்தது. மனைவியின் அக்கா, வெளியூர்க்காரி. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் இரண்டாவது குழந்தை. பிரசவம் வரைக்கும் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை குட்டியைத் தன்னோடு கூட்டிப் போய், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாகப் பெரியம்மா சொன்னாள். அவன்தான் முடியாது என்று நின்றான். லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பெரியம்மா கெட்டவளில்லை. "பாப்பா தன் வாயால அப்பாகூட இருக்கேன்னு சொல்லட்டும், நான் வந்த வழியே போயிடறேன்" என்றுதான் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் ஒரு வாரமாக நாயாய் அலைந்தான். ஜடை பின்னக் கற்றுக்கொண்டான். பள்ளிக்கூட வாசலில் மணியடிப்பதற்கு முன்பே போய் நின்றான். குட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நடந்துகொள்வது போல மரியாதையாக இருந்தாள்.

அவன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் அவனுக்குப் பட்டப்பெயர் 'ஆறுதல்'. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு அலறினால், மற்ற மெக்கானிக்குகள் மேலே மோட்டார் அறைக்கு ஓடுவார்கள். இவன் கதவோரம் நின்று உள்ளே இருப்பவர்களிடம் பேசிக்கொண்டே வேலை பார்ப்பான். "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன். இங்கயேதான் இருக்கேன்." அந்தக் குரலைக் கேட்டால் அழுதவர்கள் அடங்கிவிடுவார்கள். "என்னய்யா, உள்ள இருக்கறவங்களுக்குத் தாலாட்டுப் பாடறியா?" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். வீட்டில் அந்தக் குரலுக்கு வேலையில்லாமல் இருந்தது. அல்லது, குரல் வீட்டில் இருந்ததே இல்லை. குட்டி சாப்பிடும் நேரத்தில் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றிருக்கும்.

இன்று காலை அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தபோதுதான் கட்டிலடியில் அந்த அட்டை லிஃப்ட்டைப் பார்த்தான். பெரிய அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, மாடிகளும் ஜன்னல்களும் வரைந்திருந்தாள். நடுவே ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே மூக்கு உடைந்த பொம்மை. பெட்டியை நூலில் கட்டி, உச்சியில் குறுக்கே செருகிய பென்சில்மேல் நூலைப் போட்டிருந்தாள். இழுத்துப் பார்த்தான். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது அட்டையின் ஓரத்தில் இடித்து நின்றுவிட்டது. அவனுக்கு உள்ளம் பொங்கிவிட்டது. மகளுக்குத் தன்னால் ஒழுங்காகச் செய்ய முடிந்த ஒரு காரியம்! ஓரத்தைச் சீவினான். பென்சிலை எடுத்துவிட்டுக் சின்னக் கப்பி ஒன்றை மாட்டினான். மறுமுனையில் எடைக்கு நட்டு கட்டினான். பெட்டி வெண்ணெயில் வழுக்குவது போல ஏறி இறங்கியது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டான்.

குட்டி வந்ததும் காட்டினான். அவள் நூலை இழுத்தாள். மேலே போனது. விட்டாள். கீழே வந்தது. இன்னொரு தரம். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் நிக்க மாட்டேங்குது?"

"அதான் அப்பா சரி பண்ணிட்டேன்ல? இனிமே நிக்கவே நிக்காது."

அவள் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

எதுவும் புரியாமல் அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"ஐயோ, அதையா சரி பண்ணீங்க?" மனைவியின் குரல் படுத்த நிலையில் களைத்து வந்தது.

"இடிச்சிக்கிட்டு நின்னுச்சு. அதான்…"

"நிக்கணும்ங்க. நின்னாத்தான் விளையாட்டே. பொம்மை மாட்டிக்கும், பெல் அடிக்கும், அப்பா வருவாரு. தினமும் நான்தான் பெல்லு, நான்தான் அப்பா. 'பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்'னு உங்களாட்டமே சொல்லணும். குரல் கொஞ்சம் மாறுனாக்கூட ஒத்துக்க மாட்டா."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்பங்க சொல்றது?" என்றாள் அவள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே யோசித்துக் கேட்டது போல இருந்தது.

போனை வைத்துவிட்டு அட்டை லிஃப்ட்டைக் குளியலறை வாசலுக்குத் தூக்கி வந்தான். கப்பியைக் கழற்றினான். நட்டை அவிழ்த்தான். பென்சிலைப் பழையபடி செருகினான். சீவிய இடத்தில் அட்டைத் துண்டை ஒட்டினான். பெட்டி நிற்கவில்லை. இன்னொரு துண்டு. இப்போது அசையவே இல்லை. ஒன்றைச் சரிசெய்யத்தான் அவனுக்குத் தெரியும். சரியான இடத்தில் பழுதாக்க விரல்கள் பழகியிருக்கவில்லை. பசை விரலெல்லாம் அப்பியது. ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்தக் குரலில் கூப்பிட்டான்.

"மேடம், உள்ள இருக்கறவங்க பயப்படாதீங்க. நான் வந்துட்டேன்."

உள்ளே குழாய் சொட்டும் சத்தம்.

"எந்த மாடியில மாட்டிருக்கீங்க?"

"நீ நெஜ ஆளா, பொய் ஆளா?" என்று கேட்டாள்.

"நெஜ ஆளு."

"அப்படின்னா வேணாம். நெஜ ஆளு தொறந்து விட்டுட்டுப் போயிடுவாரு."

அவன் வேலையே அதுதான். கதவு திறக்கும், மாட்டியவர்கள் போவார்கள், அவனும் போவான். திறக்காத வரைக்கும்தான் அவன் அங்கே இருப்பான். அதைக் குட்டி எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்தத் தரம் போக மாட்டேன், கண்ணு."

"அம்மாவும்தான் சொன்னா. சாயங்காலமே வந்துடுவேன்னு."

அப்போது கீழே, கட்டடத்தின் அடியில், லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த லிஃப்ட்டின் ஒவ்வொரு முனகலும் அவனுக்கு அத்துப்படி. எடை ஏறியிருந்தது, ஒரு ஆளும் பெட்டியும். பெரியம்மா. இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடிக்கும். குளியலறைக்குள் பூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். துணிமணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

நின்றுவிடு, என்று அவன் வேண்டினான். தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு வேண்டுதல் அவன் மனதில் எழுந்ததில்லை. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் எங்கேயாவது நின்று தொலை.

"அப்பா."

"ம்ம்."

"என் லிஃப்ட் அங்கயா இருக்கு?"

"இங்கதான் இருக்கு. பழையபடி மாட்டிக்கற மாதிரி பண்ணிட்டிருக்கேன். சரியா வரல."

"நூல நேரா இழுக்கக் கூடாது. கொஞ்சம் சாய்ச்சு இழுக்கணும்."

சாய்த்து இழுத்தான். பெட்டி முனகிக்கொண்டு ஏறியது. இரண்டாவது மாடியைத் தாண்டியதும் ஓரத்தில் முட்டியது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"கைய எடுத்துட்டுப் பாரு."

நூலை விட்டான். கட்டடத்து லிஃப்ட்டின் சத்தமும் சட்டென்று அடங்கியது. வந்து சேர்ந்துவிட்டதா, வழியில் நின்றதா? எத்தனையோ லிஃப்ட்களைக் காதாலேயே எடைபோட்டவனுக்கு அது மட்டும் பிடிபடவில்லை. குளியலறைக் கதவின் அடியில் இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு சின்னப் பாத நிழல்கள் வந்து நின்றன. செருப்புப் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து அந்தரத்தில் மெல்ல ஆடியது. உள்ளிருந்த மூக்கு உடைந்த பொம்மை சரிந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டது.