அட்டையில் யார் மூஞ்சி

ஆசிரியர் சார்லஸ் நீட்டிய படத்தில் முண்டாசு கட்டிய ஒருத்தன் எருமை மேல் உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தான்.

"நம்ம கிராமத்து வாசகன் இவன்தாம்மா. கிராமத்துச் சிறப்பிதழுக்கு இவனையே அட்டையில போட்டுடு."

விஜயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாகூர்ப் பக்கம் சேலியமேட்டில் பிறந்து, தெருவிலேயே முதல் பட்டம் வாங்கி, புதுச்சேரி டவுனில் இந்த இசைப் பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைப்பவள் அவள்.

"எந்த ஊர்ல சார் பாத்தீங்க இவன? எங்க ஊர்ல எருமை மேல ஏறுனா எருமைக்காரன் ஒதைப்பான்."

"ஒரு ஃபீலுக்கும்மா."

"ஃபீலு காசு குடுத்து வாங்காது சார்."

சார்லஸ் முறைத்தார். "அப்ப நீயே போடு. விக்கலைன்னா மறுபடி விளம்பரப் பக்கத்துக்குப் போயிடணும்."

விளம்பரப் பக்கம் என்றால் நாள் முழுக்க நகைக்கடைத் தோட்டுக்கு மினுக்கு வைப்பது. அதற்கா அவள் படித்தாள்?

சாயங்காலம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதுகுத்து பேனர் ஒன்று கண்ணில் பட்டது. காது குத்தப்போகும் குழந்தை ஓரத்தில் கடுகாய்க் கிடந்தது. மிச்ச இடமெல்லாம் தாய்மாமனின் கூட்டாளிகள், கறுப்புக் கண்ணாடியோடு வரிசை வரிசையாய். அதில் இருந்த இரண்டு பேர் கீழே நின்று பேனரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் கேமராவோடு கழனிக்குப் போனாள். டிராக்டரில் பெரிய ஸ்பீக்கர் கட்டிய கலைவேந்தன், இடுப்பில் செருகிய செல்போனில் பாட்டை அலறவிட்டு நடவு நடும் பெண்கள், எல்லோருக்கும் கூலிங்கிளாஸ் மாட்டிப் படம் எடுத்தாள்.

"இன்னாத்துக்குடி எனக்கு இது?" என்றாள் நாற்று நட்டுக்கொண்டிருந்த ருக்குமணி, அதைக் கழற்றாமலே.

பேனர் போலவே முகங்களை வரிசை வரிசையாய் அடுக்கிய அட்டையைப் பார்த்த சார்லஸ், "பத்திரிகையா, காதுகுத்தா?" என்றார். சொன்ன வாக்குக்காக அச்சுக்கு அனுப்பினார்.

பாகூர்ப் பக்கக் கடைகளில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. சார்லஸ் வாயெல்லாம் பல்லாக அதைச் சொல்லும்போதே வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. நடவுப் பெண்கள் இறங்கினார்கள். முன்னால் காசம்மாள்.

"யாருபா எடிட்டரு? ருக்குமணி மூஞ்சி தாம்பாளத் தட்டாட்டம் கீது. எனக்குப் பொட்டு சைசு. அவ எனக்குச் சின்னவபா. தெருவுல எனக்கு இன்னா மரியாத?"

விஜயராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேனரில் மூத்தவர் முகம் பெரிதாக இருக்கவேண்டும். இவளோ யார் சிரிப்பு அழகு என்று பார்த்து முகத்துக்கு அளவு வைத்துவிட்டாள். ஊர்க்காரி செய்யக்கூடாத தப்பு.

"அடுத்த இதழ்ல பெரிசா போட்டுடறோம்மா" என்றார் சார்லஸ், பின்வாங்கியபடி.

"யாரு போடுவா?"

"இதோ, விஜயராணிதான். இனிமே எல்லா அட்டையும் அவதான்."

"காசம்மா அத்தை, நல்லா கேட்டுக்கோ. நீதான் சாட்சி" என்றாள் விஜயராணி.

வண்டி போனது. சார்லஸ் மட்டும் அவள் மேசையருகிலேயே நின்றார்.

"ஏம்மா, ஆசிரியர்னு ஒரு மூலையில..."

"வயசுப்படி பாத்தா உங்களுக்கு நடு எடம் சார். சின்ன வயசு போட்டோ இருந்தா கொண்டாங்க."

அவர் உடனே பர்ஸைத் திறந்தார்.