மடிப்புக் கொட்டகைச் சீட்டுகள்

முப்பத்தெட்டு. இந்த எண்தான், ஒல்லி உடம்பால் குச்சி என்று பட்டப்பெயர் வாங்கியவளின் மண்டையை மூன்று நாளாகக் குடைந்துகொண்டிருந்தது.

கிழக்கு வெளுக்கும் முன்பே கொதிகலன் சீறத் தொடங்கிவிடும் சலவை ஆலை அது. ஆறு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெரிய தொட்டிகளில் துவைத்து, சுழலும் கூடையில் பிழிந்து, ஈரம் போகாமலே ரோலருக்குள் விடுவார்கள். ஆள் உயர உருளைகள் இரண்டு, உள்ளே நீராவி. இந்தப் பக்கம் ஈரத்துணியாக நுழைவது அந்தப் பக்கம் அப்பளம்போல் விறைத்து வெளியே வரும். அதைத் தள்ளுவண்டியில் போட்டுப் பின்கட்டிலிருக்கும் தகரக் கொட்டகைக்குத் தள்ளினால், அங்கே மடிப்பு.

ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஏழு மாத வயிறு குறுக்கே நின்றதால் குச்சி ஒரு எட்டு வைத்தால் எதிரில் நின்ற பெரியக்கா மூன்று எட்டு வைத்தாள்.

"குச்சி பூசணிக்காயை முழுங்கிடுச்சு," என்றாள் பக்கத்து மேசைக்காரி. கொட்டகை சிரித்தது. குச்சி சிரிக்கவில்லை. பாதங்கள் வீங்கிச் செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, எட்டாம் மாதம் தொடங்கினால் நின்று வேலை செய்யவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எட்டாம் மாதம் தொடங்க இன்னும் பத்து நாள்.

அதற்காகத்தான் மூன்று நாள் முன்பு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள். அரசாங்கத் திட்டம் அது. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளி கொஞ்சம் போடுவார், நோய்க்கு வைத்தியமும் பேறுகாலத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பும் கிடைக்கும். பேறுகால விடுப்புக்கு ஒரு நிபந்தனை, கடைசி ஆறு மாதத்தில் நூறு நாள் வேலை செய்திருக்க வேண்டும். குச்சி மூன்று நாள்தான் லீவு போட்டிருந்தாள்.

"உன் பேர்ல முப்பத்தெட்டு நாள்தாம்மா இருக்கு," என்றார் குமாஸ்தா.

"நல்லாப் பாருங்க சார். தினம் வந்திருக்கேன்."

"வந்திருக்கலாம். ஆலையிலிருந்து வந்த பதிவுல இல்லையே."

தினமும் வந்த நூற்றுச்சொச்சம் நாள் எங்கே போயிற்று? கொதிகலன் குடித்துவிட்டதா?

சாப்பாட்டு நேரத்தில் நாத்தனாரிடம் சொன்னாள். அவள் புருஷனின் அக்கா, ரோலர்க் கூடத்தில் பத்து வருஷமாக நிற்பவள், வாயைத் திறந்தால் நீராவியே அடங்கிவிடும். அவள் சோற்றுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். அங்கே வாசலருகே ஒரு பலகை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கொக்கி. வந்ததும் அவரவர் டோக்கனை மாட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் வருகைப் பதிவேடு எழுதப்படும், பதிவேட்டிலிருந்துதான் காப்பீட்டு அலுவலகத்துக்கு விவரம் போகும். குச்சியின் பெயர் இருந்த இடத்தில் இப்போது வெறும் கொக்கி. அதில் யாரோ துடைப்பத்தை மாட்டியிருந்தார்கள்.

நாத்தனார் அழுதபடி தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நான்தான்டி பாவி. உன்னைக் கொட்டகைக்கு மாத்துங்கன்னு மேஸ்திரி காலைப் பிடிச்சு நான்தானே கெஞ்சினேன்."

நாலரை மாதம் முன்பு ரோலரின் அனலில் குச்சி இரண்டு முறை மயங்கி விழுந்தாள். நாத்தனார் கேட்டதும் மேஸ்திரி ஒரு வார்த்தை மறுக்காமல் மாற்றிக்கொடுத்தார். எல்லோரும் அவரை நல்ல மனுஷன் என்றார்கள். கொட்டகையில் பலகையும் இல்லை, பதிவேடும் இல்லை. ஒரு தகர டப்பாவில் பெயரோ எண்ணோ இல்லாத டோக்கன்கள் கிடக்கும். காலையில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை எண்ணிக் கொடுத்தால் கூலி. அந்த நிழலுக்குள் அடி வைத்த அன்றே குச்சி திட்டத்திலிருந்து காணாமல் போனாள்.

"அழாதீங்க அண்ணி," என்றாள் குச்சி. "எங்க தொலைஞ்சதுன்னு தெரிஞ்சிருச்சுல்ல. இனி தேடலாம்."

இருவரும் நேரே முதலாளியின் அறைக்குப் போனார்கள். சில்லென்ற அறை, கண்ணாடி மேசை. முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவுதானா? நான் என்ன அரக்கனா? உன் பேரை மறுபடியும் கூடத்துப் பதிவுல சேர்க்கச் சொல்றேன். விட்டுப்போச்சு, தவறுதல்னு ஒரு கடிதம் குடுத்துடலாம். நூறு நாள் வந்துடும்."

குச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க ஐயா."

"ஆனா நீ கூடத்துலதான் வேலை செஞ்சேன்னு எழுதிக் குடுக்கணும். கொட்டகைப் பேச்சே வரக்கூடாது. அவங்க என் ஆளுங்க இல்ல, காண்ட்ராக்ட் ஆளுங்க."

"யாரு காண்ட்ராக்டர்?" என்றாள் நாத்தனார். "பத்து வருஷமா நான் பார்த்ததே இல்லையே. அவருக்கு உருவம் உண்டா, இல்ல ஆவியா?"

முதலாளி அவளைப் பார்க்கவே இல்லை. "நாளைக்குள்ள சொல்லும்மா. வயித்துப் பிள்ளையை நினைச்சுக்க."

கொட்டகையில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்குப் பேசினார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: "வாங்கிக்கடி. எங்களைப் பார்த்து நீ ஏன் கெடணும்?"

பெரியக்கா விரிப்பின் முனைகளைப் பிடித்தபடியே நின்றாள். அவளுடைய இடது முழங்கை சுருங்கி, மெழுகு உருகி உறைந்ததுபோல் இருந்தது. போன வருஷம் கொட்டகை வழியாகப் போகும் நீராவிக் குழாய் வெடித்தபோது பட்டது. ஆஸ்பத்திரியில் 'உங்க பேர் திட்டத்துல இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் மடித்த விரிப்பு விரித்த கட்டில்கள் அங்கே வரிசையாக இருந்தன, அவளுக்கு ஒன்று கிடைக்கவில்லை.

"வாங்கிக்க," என்றாள் பெரியக்காவும். "நான் மனசார சொல்றேன்."

குச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்துலதான் நின்னேன் என்று எழுதிக்கொடுத்தால், நாலரை மாதம் எதிரில் நின்று மூன்று எட்டு நடந்தவளை நான் பார்த்ததே இல்லை என்று கையெழுத்துப் போடுவதாகும்.

"முடியாதுக்கா," என்றாள். "கொட்டகையில நின்னேன்னுதான் எழுதுவேன்."

"எப்படி நிரூபிப்ப?" என்றாள் பெரியக்கா.

அப்போதுதான் மேஸ்திரி ஒரு கட்டு விரிப்போடு உள்ளே நுழைந்தார். ஆஸ்பத்திரிக் கிடங்கில் வெகுநாள் பிரிக்காமல் கிடந்து, எண்ணிக்கை குறைகிறது என்று திரும்பி வந்த கட்டு.

"யாரு இது? இருபதுன்னு போட்டு பத்தொம்பது வெச்சிருக்கு! ரெண்டு கோடு. குச்சி, உன் அடையாளம்தானே?"

ஒவ்வொரு கட்டிலும் ஒரு அட்டைச் சீட்டு கட்டுவார்கள். அதில் தேதி, எண்ணிக்கை, மடித்துக் கட்டியவள் அடையாளம். குச்சிக்கு இரண்டு கோடு, பெரியக்காவுக்கு வட்டம், பக்கத்து மேசைக்காரிக்குப் பெருக்கல் குறி. குறைந்தால் யாருக்கு அபராதம் போடுவது என்று தெரிய வேண்டுமே.

குச்சி சீட்டை வாங்கிப் பார்த்தாள். இரண்டு மாதம் முந்தைய தேதி.

"ஆமாங்க மேஸ்திரி. நான்தான் மடிச்சேன். அன்னைக்கு, இங்க, இந்த ஆலையில. நீங்களே சொல்லிட்டீங்க."

"அபராதம் உண்டு!"

"தாராளமாப் போடுங்க. தேதியோட எழுதிக் குடுங்க."

மேஸ்திரிக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. விளங்கியதும் சீட்டைப் பிடுங்கக் கை நீட்டினார். அது அதற்குள் பெரியக்காவின் ரவிக்கைக்குள் போயிருந்தது.

மற்ற சீட்டுகள் எங்கே? கட்டுகளை ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய் இறக்கும் வண்டிக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரிக் கிடங்குகளில் கட்டைப் பிரித்ததும் சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பார்களாம், புகார் வந்தால் காட்ட. வருஷக் கடைசியில்தான் எரிப்பார்களாம். "கேட்டா குப்பை ஒழிஞ்சுதுன்னு சந்தோஷமாத் தருவாங்க," என்றார். நாலு நாளில் ஆறு கிடங்குகளிலிருந்தும் சீட்டுகள் வந்து சேர்ந்தன. கொட்டகையில் மடிக்கும் பன்னிரண்டு பேரின் அடையாளங்களும் அதில் இருந்தன, நாள் தவறாமல்.

முதலாளியே கொட்டகைக்கு வந்தார். அவர் அங்கே கால் வைத்ததை யாரும் பார்த்ததில்லை.

"பன்னெண்டு பேரும் நாளைக்கு வர வேண்டாம்."

"எங்களை உங்க ஆளுங்க இல்லைன்னீங்களே ஐயா," என்றாள் குச்சி. "எப்படி வேலையை விட்டு நிறுத்துவீங்க?"

"வாய் நீளுது. உன் கதி என்னாகும் தெரியுமா?"

"தெரியும். இந்தக் கால் இன்னும் ஆறு நாள்தான் தாங்கும். அதனால சீக்கிரமாப் பேசறேன்."

பின்னால் ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. ஆலையின் இரைச்சலில் பாதி அடங்கியிருந்தது. ரோலர்க் கூடத்துப் பெண்கள் ஒன்பது பேரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நாத்தனார்.

"மடிக்க ஆள் இல்லேன்னா நாங்க தேய்ச்சு என்ன பண்ண?" என்றாள். "ஆறு ஆஸ்பத்திரிக்கும் நீங்களே போய் விரிச்சுட்டு வாங்க."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். யாரையும் நிறுத்துவதாக மறுபடி சொல்லவில்லை. எதையும் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் இருபத்தொரு பேர் காப்பீட்டு அலுவலகத்தில் நின்றார்கள். குமாஸ்தா ஒரு நாற்காலியை இழுத்துக் குச்சியை உட்கார வைத்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சட்டப்புத்தகத்தைத் திறந்து, விரலால் ஒரு வரியைத் தொட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பேர் எழுதறது முதலாளியோட கடமை. அவர் எழுதலேன்னா உங்க உரிமை போயிடாது. ஆய்வாளர் விசாரிக்கணும், நாளாகும், அவர் எதிர்த்து மனு போடுவார். ஆனா வழி இருக்கு. சீட்டெல்லாம் ஆள்வாரியா, தேதிவாரியாப் பிரிச்சுக் கோர்த்துக் குடுங்க. கூட வேலை செஞ்சவங்க, நாங்க கண்ணால பார்த்தோம்னு கையெழுத்துப் போடணும். ஆலையை நேர்ல வந்து பார்க்கச் சொல்லி ஒரு மனு வேணும். இந்தம்மாவோடதை அவசரம்னு குறிச்சு இன்னைக்கே மேலே அனுப்பறேன். மனு யார் பேர்ல?"

"பன்னெண்டு பேர் பேர்லயும்," என்றாள் குச்சி. "சாட்சி ஒன்பது பேர்."

குமாஸ்தா தாளை நீட்டினார். பெரியக்கா அதை வாங்கி மேசைமேல் விரித்தாள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினாள். இரண்டு கோடு ஒரு பக்கம், வட்டம் ஒரு பக்கம், பெருக்கல் குறி ஒரு பக்கம், தேதி மேலிருந்து கீழாக.