கேட்டில் தொங்கிய பச்சை வளையம்

அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊரில் நாங்கள் வீடு வாங்கிய 1998ஆம் வருடம் அது. டிசம்பர் மாதத் தெருக்கூட்டத்தில் தலைவி கரோல், "தெரு முகப்பு கேட்டுக்கு இந்த வருஷம் யார் ரீத் செய்வது?" என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

வெளியே வந்ததும் கணவர் திருமூர்த்தியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, நம்ம தெருவுல யாரு தவறிப்போனாங்க?"

"யாருமில்லயே. ஏன்?"

"அப்புறம் மலர்வளையம் எதுக்குங்க?"

காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிறிஸ்துமஸுக்கு வாசலில் மாட்டும் பச்சை வளையம் என்று விளக்கியவர், "நீயே செய்யறேன்னு சொல்லிட்டு வந்துட்டியே சாந்தா!" என்றார்.

மறுநாள் கரோல் போன் செய்தார். கஷ்டமாக இருந்தால் கடையில் வாங்கிவிடலாமாம். அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலை கேட்டில் என் வளையம் தொங்கும் என்று சொல்லி போனை வைத்தேன்.

கிறிஸ்துமஸ் மரம் விற்பவர், மரத்தின் அடியில் வெட்டிய கிளைகளைச் சும்மா கொடுத்தார். கோட் மாட்டும் கம்பி ஹேங்கர்கள் இரண்டை முறுக்கி வட்டமாக வளைத்தேன். கிளைகளைச் சாண் அளவு நறுக்கி, மூன்று மூன்றாகக் கொத்தாக்கினேன். பிறகு மல்லிகை கட்டுகிற மாதிரியே கட்டினேன்: ஒரு கொத்து இந்தப் பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம், நடுவில் முடிச்சு.

முடித்து நிமிர்த்தினால், எட்டு வயது மகள் வெண்பா, "அம்மா, இட் லுக்ஸ் லைக் அ போர்க்குபைன்" என்றாள்.

"முள்ளம்பன்றிங்கறா" என்றார் இவர், எனக்குப் புரியாததுபோல.

அவள் சொன்னது சரிதான். மல்லிகைக் காம்பு நூலளவு, முடிச்சுக்குள் மறைந்துவிடும். இந்தக் காம்போ விரல் தடிமன். எதிரெதிராக வைத்தால் வெளியே துருத்தத்தான் செய்யும். முழுவதையும் பிரித்தேன்.

ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடுமல்லவா? அதேதான் வழி. எல்லாக் கொத்தும் ஒரே திசை பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் இலையும் முந்தியதன் காம்பை மூட வேண்டும். கடைசிக் கொத்தின் காம்பை மட்டும் முதல் கொத்தின் இலைக்கடியில் செருகினால் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது.

திசையை மாற்றினேன், முடிச்சை மாற்றவில்லை. கயிற்றைக் கம்பியில் வெறுமனே சுற்றிக்கொண்டே போனால் ஓரிடம் தளர்ந்ததும் மொத்தமும் தளரும். பூக்கட்டும் முடிச்சில் நூலை விரலில் வளையமாக்கி, கொத்துக்கு மேல் போட்டு இழுக்கிறோம். ஒவ்வொரு கொத்துக்கும் தனிப் பூட்டு. வாழைநாருக்குப் பதில் நனைத்த சணல்.

வெள்ளி மாலை கேட்டின் இடது கதவில் மாட்டினோம். வலது கதவில் கரோல் கடையில் வாங்கிய ஒன்றை மாட்டினார். "ஜஸ்ட் இன் கேஸ்" என்று புன்னகைத்தார், எதற்கும் இருக்கட்டுமாம்.

அன்றிரவு வடக்கேயிருந்து குளிர்காற்று வந்தது. தெருவிலிருந்த குப்பைத்தொட்டிகள் எல்லாம் உருண்டன. விடிந்ததும் மூவரும் ஓடினோம். வழியெங்கும் பச்சைத் துணுக்குகள்.

வலது கதவில் வெறும் கம்பி வட்டம், அதில் ஒரு சிவப்பு ரிப்பன். இடது கதவில் என் வளையம், ஒரு கொத்துகூட நகராமல்.

"இட்ஸ் ஆல் தேர், அம்மா!" என்று வெண்பா குதித்தாள்.

காரிலிருந்து இறங்கிய கரோல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என் வளையத்தைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். அசையவில்லை. வலது கதவின் கம்பியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "கேன் யூ மேக் அனதர் ஒன்?" என்றார்.

"ஐ நீட் மோர் பிராஞ்சஸ்" என்றேன். கரோல் அப்படியே கார்க் கதவைத் திறந்துவிட்டார். முன் சீட்டில் நான் ஏறிக்கொண்டேன்.

"எங்கே போறே?" என்றார் இவர்.

"மலர்வளையம் கட்டத்தானுங்க!" என்று கண்ணாடியை இறக்கிக் கத்தினேன், தெருவே கேட்கும்படி.