பிறைத் தழும்பு

வந்ததும் வராததுமாக ஹோலிஸ் டிரெக்ஸ்லர் நெட்டியின் மேசை முன் போய் நின்றார்.

"அடுத்த வருஷப் பட்டியல்ல என் பேரை அடிச்சிடு."

துப்பாக்கிச் சங்கத்தின் போட்டிப் பட்டியலையும் பீன்ஸ் சூப்பையும் ஒரே கையால் ஆள்கிற நெட்டி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"கண்ணு போச்சு. மூணு வருஷமா மானம் போனது போதும்."

"முதல்ல சுடு. பென்சில் எங்கயும் ஓடிடாது."

அந்தப் பட்டியலில் முதல் பெயர் இன்னும் ஹோலிஸ்தான். போன போட்டியில் ஜெயித்தவன் பெயர் மேலே வரவேண்டும் என்பது வழக்கம். மூன்று வருடமாக அவர் தோற்றும் நெட்டிக்கு மாற்ற மனம் வரவில்லை.

பென்சில்வேனியா மலையில் அக்டோபர் முதல் சனிக்கிழமை என்றால் பழைய 'இருபத்திரண்டு'களின் சுடும் போட்டிதான். அணில் சுடுகிற அந்தச் சின்னத் தோட்டா ரைஃபிள். அதுவும் 1950க்கு முந்தியது மட்டும். தொலைநோக்கி வைத்தால் வெளியே போ என்பார்கள். ஐம்பது கஜம், சுற்றுக்குப் பத்துக் குண்டு. ஜெயிக்கிறவனுக்குப் புகை போட்ட பன்றித் தொடை ஒன்று. இந்தத் தொடைக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்கிறவன் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற அந்த போல்ட்டை ஒரு தடவை இழுத்து மூடிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

பக்கத்து பெஞ்சில் வெர்லின் ஷாங்க். இருவருடைய அப்பாக்களும் ஒரே கடையில், ஒரே நாளில், அச்சு அசலாக ஒரே மாதிரி ரைஃபிள் வாங்கினார்கள். அந்தக் காலத்து மலிவு ரைஃபிள்களில் எது யாருடையது என்று காட்ட எண்கூடக் குத்தியிருக்காது. ஹோலிஸும் வெர்லினும் ஐம்பது வருடமாக அவற்றை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கிண்டல் செய்தே காலம் தள்ளியவர்கள்.

முதல் சுற்று. நூற்றுக்கு ஹோலிஸ் எழுபத்தெட்டு, வெர்லின் தொண்ணூற்று நான்கு. வெர்லின் வாயே திறக்கவில்லை. 'கிழவா, சுவரையாவது அடி' என்று சொல்கிற ஆள், குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

தன் காலித் தோட்டாவைத் தானே பொறுக்குவது அங்கே சட்டம். இத்தனை நாள் ஹோலிஸ் வெறுப்போடு வாரி வாளியில் கொட்டினாரே தவிர, ஒன்றையாவது உற்றுப் பார்த்தாரா? இன்று கடைசி நாளாயிற்றே, நினைவுக்கு ஒன்று இருக்கட்டும் என்று எடுத்தார். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தார். விளிம்பில், போல்ட்டுக்குள் இருக்கிற ஊசி குத்திய தழும்பு சதுரமாக இருந்தது.

அவர் அப்பா உடைந்த ஊசி முனையை அரத்தால் ராவிச் சரிசெய்தவர். அந்த ஊசி குத்தினால் பிறை விழும். ஹோலிஸ் பிறந்ததிலிருந்து பிறைதான்.

பிறை வெர்லின் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. பத்துத் தோட்டா, பத்துப் பிறை.

மூன்று வருடம் முன்பு வெர்லின் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு ரைஃபிளையும் கழற்றிப்போட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தது ஞாபகம் வந்தது. திரும்பப் பூட்டும்போது போல்ட் மாறியிருக்க வேண்டும். இவர் தோற்கத் தொடங்கியதும் அந்த வருடம்தான்.

"வெர்லின், உன் போல்ட்டைக் கழட்டு."

என்ன ஏது என்று வெர்லின் கேட்கவில்லை. அதிலேயே விஷயம் தெரிந்துபோயிற்று.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வருஷம்."

"பாவி! ரெண்டு தடவை கண்ணாடி மாத்தினேனேடா! கண் டாக்டர்கிட்ட வண்டியில கூட்டிட்டுப் போனதே நீதானே!"

"சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரல." வெர்லின் பூட்ஸைப் பார்த்தபடியே சொன்னார். "காலம் பூரா உனக்கு அடுத்தபடியா வந்தவன்டா நான். ஜெயிச்சது நான் இல்ல, உங்கப்பா ஊசின்னு தெரிஞ்சதும் அந்தத் தொடைக்கறி தொண்டையில இறங்கல. ஆனா விடவும் மனசு வரல."

ஹோலிஸ் போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, தன் ரைஃபிளில் இருந்ததைக் கழற்றி வெர்லின் பெஞ்சில் வைத்தார். கோபம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒரு பக்கம். கண் கெடவில்லை! கை கெடவில்லை!

இரண்டாம் சுற்று. போல்ட் நிலைக்குப் பழகிய கதவுபோல மூடிக்கொண்டது. மூன்று வருடமாகக் கேட்காத சத்தம் அது. ஹோலிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டு சுட்டார். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பிறை விழுந்தது.

இலக்குத் தாள்கள் வந்தன. ஹோலிஸ் எழுபத்தேழு. வெர்லின் தொண்ணூற்றைந்து.

வெர்லினின் முகம் வெளுத்தது. "இது என் போல்ட்டுதானே?"

ஹோலிஸ் குனிந்து அவருடைய தோட்டா ஒன்றை எடுத்துப் பார்த்தார். சதுரம்.

"உன்னோடதுதான்."

"அப்போ..."

"அப்போ என்ன அப்போ? சுட்டது நீதான்டா. மூணு வருஷமும் நீதான்." சொல்லும்போதே ஹோலிஸுக்கு வலித்தது. எவனோ நம் ஊசியைத் திருடிவிட்டான், நாம் கிழவனாகவில்லை என்று நம்பிய அந்த அரைமணி நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

வெர்லின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வருஷம் தூக்கம் போச்சேடா எனக்கு."

"நல்லா போகட்டும். அது உனக்கு வேணும்."

நெட்டி பட்டியலும் பென்சிலுமாக வந்தாள். "சொல்லு ஹோலிஸ், அடிச்சிடவா?"

ஹோலிஸ் போல்ட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அடிக்காத. அவன் பேரை மேல எழுது. என்னோடதை அதுக்குக் கீழ போடு."