ஜும்மாவுக்கு முந்தின சேவ்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கிளம்புமுன் பட்டறையின் மெயின் சுவிட்சை முதலாளி ஜலால் தன் கையாலேயே இறக்கிவிடுவார். பம்மலில் அந்தப் பட்டறைக்கு அதுதான் சட்டம். எப்போதோ ஒரு வெள்ளிக்கிழமை, ஆளில்லாத நேரத்தில் ஒயர் உருகித் தோல் கட்டு ஒன்று பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் அவர் யாரையும் நம்புவதில்லை. எந்த மெஷின் ஓடுகிறது, யார் எதைப் பாதியில் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவும் மாட்டார். டப்பென்று ஒரு சத்தம், ஃபேன் ஓய்ந்துவிடும், அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போயேவிடுவார்.

அவருடைய தங்கை ஷாயிஸ்தாவுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டாள் பாருங்கள், அதுதான் கதை.

ஷூவுக்கு மேல்தோல் வெட்டித் தைக்கிற பட்டறை அது. எந்தத் துண்டு எந்த வடிவத்தில் வரவேண்டும் என்பதை மாடி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைகிறவர் பாலு. லினக்ஸில் ஓடும் ஒரு பழைய டிராயிங் புரோகிராம். செய்து விற்ற வெளிநாட்டுக் கம்பெனி கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டதால் அதற்குள்ளே யாரும் கைவைக்க முடியாது. அந்தப் புரோகிராமுக்கு ஒரு கெட்ட புத்தி. சேவ் கொடுத்தால் முதலில் பழைய ஃபைலைக் காலி செய்துவிடும், அப்புறம்தான் புதியதை எழுத ஆரம்பிக்கும். அந்த நடுவில் கரண்ட் போனால் பழசும் கிடையாது, புதுசும் கிடையாது.

அதுவோ இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் போவது செய்தியே இல்லை. யுபிஎஸ் வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். வாங்கினார்கள். தினமும் கட் ஆகிக் கட் ஆகி பேட்டரி ஊதிப்போனது. மாற்றினார்கள், அதுவும் ஊதிப்போனது.

அப்படித்தான் கோடையில் ஒரு டிசைன் முழுசாகப் போய், சாம்பிள் தாமதமாகி, ஒரு நல்ல ஆர்டர் கைநழுவியது. ஜலால் மனசு விட்டுப்போனார். மாடி ரூமை மூடிவிட்டு, வரைகிற வேலையைக் கிண்டியில் ஒரு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் பாலுவுக்கு வேலை இல்லை. ஷாயிஸ்தாவுக்கும்தான். தாம்பரத்தில் அவள் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவள், அண்ணன் பட்டறைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்கிற பயம் அவளுக்குத் தினமும் இருந்தது.

"புரோகிராம மாத்த முடியாதுண்ணா. ஆனா அது எழுதற இடத்த மாத்தலாம்" என்றாள்.

அவள் எழுத ஆரம்பித்தது ஒரு ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை வாங்கி டிஸ்கில் வைத்து எடுத்துக் கொடுக்கிற ஏற்பாடு. சிஸ்டத்தின் அடிவயிற்றில் கைவைக்காமல், சாதாரண புரோகிராம் போல வெளியே ஓடுவது. டிராயிங் புரோகிராம் எப்போதும் போல ஒரு ஃபோல்டரில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளும். ஆனால் திற, படி, காலி செய், எழுது, மூடு என்று அது கேட்கிற ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வது ஷாயிஸ்தா எழுதிய ஒரு துண்டு கோடிங். 'காலி செய்' என்று கேட்டால் சரி என்று தலையாட்டிவிட்டுப் பழைய ஃபைலைத் தொடாமல் ஒளித்துவைக்கும். எழுதுவதையெல்லாம் தனியாக ஒரு புதுப் பிரதியில் வாங்கிக்கொள்ளும். 'மூடு' என்று வந்தபிறகுதான் புதியதைப் பழையதன் இடத்தில் வைக்கும். நடுவில் கரண்ட் போனால் பாதியில் நின்ற பிரதியைக் குப்பை என்று தூக்கி எறிந்துவிட்டு, பழையதைப் பத்திரமாக எடுத்துக் கொடுக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனை. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி அவளே சோதித்தாள். ஒரு தடவைகூட ஃபைல் போகவில்லை. அந்தத் தைரியத்தில் பாலுவின் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜலால் மெயினை இறக்கினார், தொழுதுவிட்டு வந்து ஏற்றினார். பாலு ஃபைலைத் திறந்தார். முந்தின நாள் சாயந்திரம் இருந்த படம் வந்தது. காலையிலிருந்து போட்ட ஒரு கோடுகூட இல்லை.

"இன்னாம்மா இது, பத்து வாட்டி சேவ் போட்டேனே" என்றார் பாலு.

"க்ளோஸ் பண்ணீங்களா?"

"க்ளோஸா? அத யாரு க்ளோஸ் பண்றா? காலைல தொறந்தா சாயந்திரம்தான் மூடுவேன். டீக்குப் போனாலும் அது பாட்டுக்குத் தொறந்தே கீது."

ஷாயிஸ்தாவுக்கு ஆத்திரமாக வந்தது. மூட வேண்டியதுதானே, மூடினால் என்ன தேய்ந்தா போவீர்கள் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேலை செய்கிற மனுஷர் எங்கே மூடுகிறார், நாம்தானே சோதிக்கிறேன் பேர்வழி என்று திறந்து, எழுதி, மூடிப் பார்த்தோம் என்று அவளுக்கே உறைத்தது. பாலு காலையெல்லாம் போட்ட சேவ் அத்தனையும் அந்தப் புதுப் பிரதியில்தான் இருந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் அதைக் குப்பை என்று அழித்தது அவள் கோடிங்.

ஜலால் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அடுத்த வெள்ளி வரைக்கும் பாரும்மா. அப்புறம் கிண்டிக்காரன்கிட்ட குடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னார்.

அவள் விடவில்லை. பொழிச்சலூரிலிருந்து முதல் ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூடாத ஃபைலில் ஒரு சேவ் முடிந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். பெரிய டிசைன் என்றால் புரோகிராம் நடுநடுவே நின்று மூச்சு வாங்கி எழுதியது, அதனால் அது சரிப்படவில்லை. கடைசியில் பாலுவை வழக்கம் போல வரையச் சொல்லிவிட்டு, புரோகிராம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் திரையில் ஓடவிட்டு உட்கார்ந்துவிட்டாள். காலி செய். எழுது. எழுது. எழுது. அப்புறம் ஒரு கேள்வி: டிஸ்கில் போய்ச் சேர்ந்துவிட்டதா?

ஒவ்வொரு சேவ் முடிவிலும் அந்தக் கேள்வி வந்தது. அதற்கும் பதில் போய்க்கொண்டிருந்தது: ஆச்சு.

யார் சொன்ன ஆச்சு? தன் கோடிங்கைத் திறந்து பார்த்தாள். ஆரம்பத்தில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் அவளே எழுதி வைத்த பதில். ஒரு வேலையும் செய்யாமல், கேட்டவுடன் ஆச்சு என்று சொல்லுகிற வரி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். அந்த முட்டாள் புரோகிராம்கூட ஒழுங்காகக் கேட்டிருக்கிறது, பொய் சொன்னது நான்தான் என்று நினைத்து வெட்கமாக இருந்தது அவளுக்கு.

அந்த ஒரு வரியை நிஜமாக்குவது சுலபமாக இல்லை. கேள்வி வந்தவுடன் புதுப் பிரதியை டிஸ்கில் உட்காரவைத்து, பழையதன் இடத்தில் நிறுத்தி, அதற்குப் பிறகுதான் ஆச்சு என்று சொல்லவேண்டும். மேலே ஃபைல் திறந்தபடியே இருக்கும், கீழே ஆளை மாற்ற வேண்டும். ஓடுகிற ஆட்டோவுக்கு டயர் மாற்றுகிற வேலை. இரண்டு தடவை கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. மூன்றாவது தடவை அவள் திட்டிய திட்டில் பாலு எழுந்து டீ குடிக்கப் போனார். ஆனாலும் வியாழக்கிழமை சாயந்திரம் அது ஓடியது.

வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்குப் போகிற கூட்டத்தில் மாட்டி ஷாயிஸ்தா வந்து சேர்வதற்குள் பாலு பாதி வரைந்திருந்தார். சாயந்திரம் ஆர்டர்காரரிடம் காட்ட வேண்டிய படம் அது. ஜும்மா நேரம் நெருங்கியதும் ஜலால் மாடிக்கு வந்தார். மெயின் பலகை அந்த ரூம் சுவரில்தான் இருந்தது. எந்த வெள்ளிக்கிழமையும் ஒரு வார்த்தை கேட்காதவர் அன்றைக்கு நின்றார்.

"க்ளோஸ் பண்ணிட்டியா பாலு?"

பாலுவின் கை மவுஸுக்குப் போனது.

"வேணாம்" என்றாள் ஷாயிஸ்தா. "சேவ் மட்டும் போடுங்க. தொறந்தே இருக்கட்டும்."

பாலு குதிகால் பக்கம் கடைசியாக ஒரு வளைவைப் போட்டு சேவ் கொடுத்தார்.

"இறக்குங்கண்ணா."

ஜலாலின் கை எழவில்லை. "காலைலேர்ந்து போட்ட வேலைம்மா. சாயந்திரம் ஆள் வராங்க."

"தெரியும்ணா."

அவளே எழுந்து போய் மெயினை இறக்கினாள். ஃபேன் ஓய்ந்தது. ஜலால் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாலு சாப்பிடப் போனார்.

நினைத்தால் அப்போதே ஏற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அண்ணன் கையால் ஏறட்டும் என்று வியர்வையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. பயமாகத்தான் இருந்தது, ரொம்பவே பயமாக இருந்தது. ஆனால் எழுதிய கோடிங்கை மனசுக்குள் வரிவரியாக ஓட்டிப் பார்த்தபோது எங்கும் இடறவில்லை.

வழக்கத்துக்கு முன்பே ஜலால் வந்துவிட்டார். பின்னாலேயே பாலுவும் வந்தார். அண்ணன் கையாலேயே மெயின் ஏறியது, கம்ப்யூட்டர் எழுந்தது. பாலு ஃபைலைத் திறந்தார். மூன்று பேரும் குதிகாலைத்தான் பார்த்தார்கள்.

"கீது பாய்" என்றார் பாலு. "கடைசி வளைவுகூட அப்படியே கீது."

ஜலால் ஜிப்பா பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"காலைல பாலு டீக்குப் போனப்போ இருக்கற படத்தையெல்லாம் இதுல ஏத்திக்கிட்டேன். தொழுதுட்டு நேரா கிண்டிக்குப் போறதாத்தான் இருந்தேன்."

ஷாயிஸ்தாவுக்குச் சுருக்கென்றது. "அப்ப ஏண்ணா போகல?"

"நான் இறக்கப் பயந்தேன். நீ இறக்கிட்டியே" என்றார். பென் டிரைவை அவள் கையில் வைத்தார். "பாட்டு கீட்டு ஏத்திக்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜலால் யாரையும் கேட்கவில்லை. வந்தார், டப்பென்று இறக்கினார்.

"பாய், நான் இன்னும் சேவே போடலையே" என்று அலறினார் பாலு.

"அதுக்கு என் தங்கச்சி என்ன பண்ணும்?" என்று சொல்லிக்கொண்டே ஜலால் படியிறங்கிப் போனார்.