நிறம் வரும்வரை

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றவர்கள்: தோளில் துண்டோடு மாமா, அவருக்குப் பின்னால் அண்ணன், அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி அண்ணி, சாவியைச் சுழற்றிக்கொண்டு வண்டி டிரைவர். உள்ளே மகள் ஒருத்திதான். அப்பா கூடத்தில் தனியாகக் கிடந்தார்.

மாமா கதவை இடித்தார். “ஏம்மா, மனுஷன் அவசரத்துக்குப் போக வேணாமா?”

“இடிக்காதீங்க மாமா. அது விழுந்துடும்.”

“எது?”

“அப்பாவோட தட்டான்.”

“நல்லாருக்கு! பொணத்த விட்டுட்டு பூச்சிக்குக் காவலா? அப்பனுக்குத் தப்பாத பொண்ணு.”

தொட்டியில் நட்டிருந்த குச்சியில் புழுவின் முதுகு வெடித்து, தட்டான் பாதி வெளியே வந்திருந்தது. இறக்கைகள் நனைந்த காகிதம்போல் கசங்கியிருந்தன. இப்போது ஓர் அதிர்வு போதும், ஆயுசுக்கும் கோணல்தான்.

ஊருக்குப் பின்னாலிருக்கும் சதுப்பு செத்துவிட்டது, மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்று அதிகாரிகள் முடிவு கட்டியிருந்தார்கள். தண்ணீர் பரிசோதனையிலேயே காலம் தள்ளிய அப்பா ஒப்பவில்லை. அங்கிருந்து இந்தப் புழுவை அள்ளி வந்தார். உடம்பில் நீலம் ஏறினால் நல்ல தண்ணீரில் மட்டும் வளரும் இனம், சதுப்பு பிழைத்திருக்கிறது. மஞ்சள் என்றால் எந்தச் சாக்கடையிலும் வளர்வது. நிறம் வரும்வரை பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தவர், விடிந்து பார்த்தால் சுவரில் சாய்ந்தபடி சில்லிட்டிருந்தார். அதே வாளியில்தான் அவள் இப்போது உட்கார்ந்திருந்தாள்.

“சார், இன்னொரு எடத்துக்கும் போகணும்” என்றான் டிரைவர்.

அண்ணன் கதவிடுக்கில் வாய் வைத்தான். அப்பாவைப் ‘பூச்சி வாத்தியார்’ என்று கேலி செய்தே வளர்ந்தவன்.

“கலர் வந்துடுச்சா?”

“இல்ல.”

“எவ்ளோ நேரமாகும்?”

“தெரியல. நானும் வரணும்ல அண்ணா. அப்பாகூட.”

அண்ணன் கதவிடுக்கிலிருந்து வாயை எடுத்தான். பிறகு அவன் குரல் வேறு பக்கம் திரும்பியது. “மாமா, இங்க தண்ணி வரல. பக்கத்து வீட்டுல போய்ட்டு வந்துடுங்க.”

கூடத்தில் அப்பாவைத் தூக்கியவர்களின் காலடிகள் தடுமாறின. “பாத்து, நிலை இடிக்கும்” என்றான் டிரைவர். அம்மா ஒரே ஒருமுறை விம்மினாள். மகள் சட்டென்று எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். தாழ் அசைந்ததும் குச்சி ஆடியது. கையை எடுத்துவிட்டாள். போனில் கேமராவைத் திறந்துகொண்டு மறுபடி வாளியில் உட்கார்ந்தாள்.

வண்டி உறுமியது. தட்டான் ஓர் இறக்கையை விரித்தது, பிறகு மற்றதை. உடம்பு இன்னும் வெளுப்பாகவே இருந்தது. “யாரும் உள்ள போக வேணாம்” என்றபடி அண்ணன் வாசல் கதவைச் சாத்தி, பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.