கடலைக் கடைசியில் வைத்த பயணம்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் 'ரூட்டு' என்று பெயர். சுற்றுலா ஏற்பாடு செய்து கொடுக்கும் கம்பெனி. இரண்டு மேசை, ஒரு தண்ணீர் கேன், சுவர் முழுக்க அவர் போகாத ஊர்களின் படங்கள். யார் வந்து எங்கே போகணும் என்று கேட்டாலும் வரைபடத்தைப் பார்க்காமலே வழி சொல்லுவார். எந்தக் கோயில் மத்தியானம் எப்போது நடை சாத்தும், எந்தக் காட்டில் யானை எந்தப் பக்கம் தண்ணீருக்கு வரும், எல்லாம் விரல் நுனியில். அவர் பேச்சைக் கேட்டு ஊரே போய் வந்தது. நான்தான் போகவில்லை. லீவு நாளில்தானே வியாபாரம் என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த மனுஷன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சின்னதா ஒரு ட்ரிப் போலாமா? கோயில், காடு, கடல். மூணும் ஒரே ரூட்டுல வருது" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு வருஷமாக எங்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி தவிர வேறு நினைப்பே கிடையாது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுக்க வேண்டும். அசதி தெளிந்து எழுந்து உட்காருவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. நாள் முழுக்க ஒரு குட்டி பாட்டில்தான்.

மாற்றிப் பொருத்தலாம் என்றார்கள். என் ரத்தம் சேராதாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்த மட்டும் சேர்ந்தது. கொழுந்தனுக்குச் சேர்ந்தது. "அண்ணனுக்கு இல்லாததா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூடச் செய்தான். அவன் பெண்டாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. இப்போது போன் அடித்தால் எடுப்பதில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். மனசாரச் சொல்லவில்லை, வாய்க்குச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் ஊருக்குப் போகலாம் என்கிறார். நான் மருந்துக் கடையில் கல்லாவில் இருப்பவள். அன்றைக்கு இரண்டு பேருக்குச் சில்லறையை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் தோறும் இருவரும் உட்கார்ந்து பேசினோம். சனிக்கிழமை மெஷினிலிருந்து எழுந்து நேரே ரயில். ஞாயிறு முழுக்கக் கோயில்கள். திங்கள் காட்டில் ஜீப். வீங்கிக் கிடந்த அவர் காலைக் காட்டி, "இதைப் பாத்தா யானையே சொந்தக்காரன்னு வந்து நிக்கும்" என்றேன். அவர் குலுங்கிச் சிரித்தார். அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது!

"கடலை முதல்ல முடிச்சிட்டுக் காட்டுக்குப் போனா வழி சுருக்கம்தானே?" என்று கேட்டேன். அவரோடு இத்தனை வருஷம் இருந்ததில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடல் கடைசில இருக்கட்டும்."

"செவ்வாய்க்கிழமை மறுபடி மெஷின்ல படுக்கணுமே?"

"கடலோரமா ஒரு ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கு. சொல்லி வெச்சிருக்கேன். செவ்வாய், வியாழன் ரெண்டும் அங்கயே போட்டுக்கலாம்."

"சரி, திரும்பறது?"

"அதைப் பாத்துக்கலாம்."

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'போறது பெரிசில்லைங்க, திரும்பி வர்றதை முதல்ல போடுங்க' என்பதுதான் வருகிறவர்களிடம் எல்லாம் அவர் ஓதுகிற முதல் பாடம். திரும்பும் டிக்கெட் கையில் கிடைக்காமல் போகிற டிக்கெட்டைப் பற்றிப் பேசவே மாட்டார். சந்தோஷத்தில் இருக்கிறவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? நான் கடைக்குப் போய் அவருக்கு ஒரு தொப்பி வாங்கி வந்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய வியாழக்கிழமை. அவரை மெஷினில் போட்டிருந்தார்கள். நான் சிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"அக்கா, வெளியூர்ல போடணும்னா எங்ககிட்ட ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் கேப்பாங்களே. யாரும் கேக்கலையே? எந்த ஆஸ்பத்திரி?"

அவர் சொல்லியிருந்த பெயரைச் சொன்னேன். நம்பர் தேடிக் கொடுத்தாள். வராந்தாவில் நின்று போன் போட்டேன். எடுத்தவர் நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்க டயாலிசிஸே கிடையாதும்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் தப்பாக விசாரித்திருப்பார் என்று நினைக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை. ஊர் ஊராகக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிற மனுஷன் இதிலா தப்புப் பண்ணுவார்? செவ்வாயும் வியாழனும் மெஷின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எனக்குப் பயம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

உள்ளே போனேன். ரத்தம் குழாய் வழியே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆஸ்பத்திரில மெஷினே இல்லையாம்."

அவர் விட்டத்தைப் பார்த்தார். "தெரியும்."

"தெரிஞ்சேதானா?"

"அங்கேருந்து திரும்ப உனக்கு ரயில் போட்டிருக்கேன். பொறந்த வீட்டுக்கு ஃபோன் பண்ணினா உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவாரு. ஜன்னலோரம்தான்."

"எனக்கு மட்டும்."

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நீங்க அங்க கிடப்பீங்க, நான் ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வரணுமா? மனுஷனாய்யா நீங்க?" சத்தம் போட்டிருக்கிறேன். சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"நீ பக்கத்துல இருந்தா பயப்படாம இருப்பேன்னு தோணிச்சு." ஊசி இல்லாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற ஒண்ணும் இல்லைம்மா. கடலைப் பாத்துக்கிட்டே ஒரு சொம்புத் தண்ணி குடிக்கணும். அளவு பாக்காம, வயிறு முட்ட. அவ்வளவுதான்."

தாகம் என்று அவர் இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான்தான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்றைக்கு அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று சண்டை போடுவேன்.

"எனக்காக இருங்க" என்றேன். கெஞ்சலாகத்தான் சொன்னேன்.

"அதுக்குத்தானே ரெண்டு வருஷம் இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வழி கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னார். ஏதேதோ உளறினேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயிலுக்காவது போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம், கொழுந்தன் வீட்டுக்கே போய் வாசலில் உட்கார்ந்துவிடுகிறேன், அவன் பெண்டாட்டி காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். என் மானம் ரோஷம் எல்லாம் எங்கே போனதோ.

கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடறேன்" என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சனிக்கிழமை இங்கேயே வருவார். செவ்வாய் வருவார். எனக்காக வருவார். அதற்கு மேல் அவரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது என்று அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

நேரம் முடிந்து சிஸ்டர் வந்தாள். ஊசியை உருவிப் பஞ்சை வைத்தாள். அவள் கையை எடுத்ததும் நான் பிடித்து அழுத்திக்கொண்டேன். ரத்தம் நிற்கிறவரை அழுத்த வேண்டும். எப்போதும் நான்தான் செய்வேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் வந்து பார்த்தாள்.

"நின்னுடுச்சுக்கா. போதும், அவருக்கு வலிக்கும். விடுங்க."

நான் விடவில்லை.